லெ மோந்த்: 1954 நவம்பர் 1 செய்தியை எந்தத் தேதி இதழில் தேடுவது? (இதழின் வரலாறும் உள்ளே)

நெய்தல்கரை (பதிவு 1)

வணக்கம். புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்த நாள் 1954 நவம்பர் 1. அன்று பிரான்சின் பெரிய நாளிதழ்கள் என்ன எழுதின என்று ஒரு கட்டுரைக்காகத் தேடுகிறேன். லெ மோந்த் தன் பழைய கட்டுரைகளை 1944 முதல் சந்தாதாரர்களுக்கு இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் நவம்பர் 1 என்று தேதி கொடுத்தால் அந்த நாள் செய்தி வரவில்லை. எங்கே தவறு?

அச்சுக்கோவை (பதிவு 2)

தவறு தேதியில்தான். லெ மோந்த் மாலைப் பத்திரிகை. இன்று பிற்பகல் பாரிஸ் கடைகளுக்கு வரும் இதழில் நாளைய தேதி இருக்கும். பாரிசுக்கு வெளியே பெரும்பாலான ஊர்களில் மறுநாள் காலைதான் கைக்குக் கிடைக்கும் என்பதால் தொடக்கத்திலிருந்தே இந்த வழக்கம். முதல் இதழே அப்படித்தான். 1944 டிசம்பர் 18 திங்கள் பிற்பகல் விற்பனைக்கு வந்தது, தலைப்பில் டிசம்பர் 19 என்று இருந்தது. "தொடங்கிய நாள்" என்று ஒரு நூலில் 18, இன்னொரு நூலில் 19 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் சரிதான்.

ஞாயிறு இதழ் கிடையாது. சனி பிற்பகல் வருவதில் "ஞாயிறு-திங்கள்" என்று இரட்டைத் தேதி போடுவார்கள். திங்கள் பிற்பகல் வருவது செவ்வாய்த் தேதி.

1954 நவம்பர் 1 திங்கட்கிழமை. ஆகவே "அக்டோபர் 31 - நவம்பர் 1" என்று தேதியிட்ட இதழ் சனிக்கிழமை 30ஆம் தேதியே அச்சாகிவிட்டது. நீங்கள் தேடும் நிகழ்ச்சி அதில் இருக்க வழியே இல்லை. நவம்பர் 2 தேதியிட்ட இதழைப் பாருங்கள், பிறகு 3.

நெய்தல்கரை (பதிவு 3)

மிக்க நன்றி ஐயா. 2ஆம் தேதியா 3ஆம் தேதியா என்பதை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

அச்சுக்கோவை (பதிவு 4)

முடியும். இரண்டு கணக்கு தெரிந்தால் போதும்.

ஒன்று, பக்கம் முடிக்கும் நேரம். ஆசிரியர் அறையில் காலை ஏழரை மணி வாக்கில் எல்லாரும் நின்றபடியே கூட்டம் நடக்கும். இந்த இதழின் புகழ்பெற்ற வழக்கம் அது. பத்தரை மணி வாக்கில் பக்கங்கள் முடியும். பகல் ஒரு மணி வாக்கில் பாரிஸ் கடைகளில் இதழ்.

இரண்டு, நேர வித்தியாசம். 1954இல் பிரான்சில் கோடைகால நேரமாற்றம் இல்லை. ஆண்டு முழுக்க நம் நேரம் நாலரை மணி முன்னால். பாரிசில் காலை 10:30 என்றால் புதுச்சேரியில் பிற்பகல் 3. செய்தி நிறுவனத் தந்தி போய்ச் சேர்ந்து, மொழி சரிபார்த்து, அச்சுக் கோக்க இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். ஆக, நம் நேரப்படி பகல் ஒரு மணிக்குள் நடந்தது மறுநாள் தேதியிட்ட இதழில் இருக்க வாய்ப்பு உண்டு. அதற்குப் பின் நடந்தது அதற்கடுத்த தேதிக்குப் போகும். காலையில் நடந்த கைமாற்றத்தை முதலில் நவம்பர் 2 இதழில் தேடலாம்.

இந்தக் கணக்கை விட்டுவிட்டுத்தான் பலர் வழுக்குகிறார்கள். 2001 செப்டம்பர் 12 தேதியிட்ட லெ மோந்தில் நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல் இல்லை. முதல் விமானம் மோதியபோது பாரிசில் பிற்பகல் 2:46. இதழ் கடைக்கு வந்தாகிவிட்டது. "நாம் அனைவரும் அமெரிக்கர்களே" என்று ழான்-மரி கொலொம்பானி எழுதிய பெயர்பெற்ற தலையங்கம் செப்டம்பர் 12 பிற்பகல் வந்த, 13 தேதியிட்ட இதழில் இருக்கிறது. கென்னடி சுடப்பட்டதும் இதே கதை. 1963 நவம்பர் 22 வெள்ளி, பாரிஸ் நேரம் மாலை ஏழரை. 23 தேதி இதழ் பிற்பகலே போய்விட்டது. 24-25 தேதியிட்ட இதழில்தான் அந்தச் செய்தி.

மையொற்றி (பதிவு 5)

ஒன்று சேர்க்கிறேன். இணையத்தில் பழைய கட்டுரைக்கு மேல் "00 மணி 00 நிமிடம்" என்று நேரம் காட்டும். அதற்கு எந்தப் பொருளும் இல்லை, இயந்திரம் நிரப்பியது. அதை வைத்து "நள்ளிரவில் வெளியானது" என்று எழுதிவிடாதீர்கள்.

தேடுசொல்லிலும் கவனம் வேண்டும். ஊர்ப்பெயரை மட்டும் போடாமல் "இந்தியாவிலுள்ள பிரெஞ்சு நிலப்பகுதிகள்", "பிரெஞ்சு இந்தியா", "வணிகத் தலங்கள்" என்ற பொருளில் அன்று புழங்கிய பிரெஞ்சுத் தொடர்களையும் போடுங்கள். காரைக்கால், மாஹே, ஏனாம் பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இருக்கும். பழைய பக்கங்களை இயந்திரம் படித்தபோது எழுத்தின் மேலுள்ள குறிகள் உதிர்ந்திருக்கும், ஆகவே குறியோடு ஒரு முறை, குறியில்லாமல் ஒரு முறை தேட வேண்டும்.

இன்னொரு காரணத்தையும் மறக்க வேண்டாம். அதே நவம்பர் 1 பிறந்த நள்ளிரவுக்குப் பின்தான் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. நவம்பர் 2 இதழில் பெரிய எழுத்தில் வந்தது அல்ஜீரியக் காவல் நிலையங்கள் மீதான தாக்குதல்கள். புதுச்சேரிக்குச் சின்ன இடமே கிடைத்திருந்தால் வியக்க வேண்டியதில்லை. பிரான்ஸ் ஒரு கரையில் கொடியை இறக்கிய அதே நாளில் இன்னொரு கரையில் எட்டு ஆண்டுப் போர் தொடங்கியது. கட்டுரையில் இந்த இணைவைச் சொல்லாமல் விட வேண்டாம் என்பது என் கருத்து.

தாள்மடிப்பு (பதிவு 6)

இது பிரான்சின் தலைவர் தெ கோல் சொல்லித் தொடங்கிய பத்திரிகை அல்லவா? அரசின் குரல் என்றுதானே எடுத்துக்கொள்ள வேண்டும்? இதை எவ்வளவு தூரம் ஆதாரமாக நம்பலாம்?

பழையபேப்பர் (பதிவு 7)

தெ கோல் விரும்பினார் என்பது உண்மை. "ஆகவே அரசின் குரல்" என்பது உண்மையல்ல. கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

லெ மோந்துக்கு முன் அதே கட்டடத்தில் இருந்தது லெ தாம். 1861இல் ஒகுஸ்த் நெஃப்ட்ஸெர் தொடங்கியது. வெளிநாட்டுத் தூதரகங்கள் பிரான்சின் மனத்தை அறிய அதைத்தான் படித்தன. 1930ஐ ஒட்டி இரும்பாலை, நிலக்கரிச் சுரங்க முதலாளி சங்கங்கள் அதைக் கைக்குள் கொண்டுவந்தன. அதன் பிராக் நிருபராக இருந்தவர் உபேர் பெவ்-மெரி. 1938இல் செக்கோஸ்லோவாகியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் உடன்பாட்டை லெ தாம் ஆதரித்தபோது வேலையை விட்டு விலகினார். இந்த மனிதர்தான் பின்னாளில் லெ மோந்தின் நிறுவனர்.

லெ தாம் மூடப்பட்டது ஒரு தேதிக் கணக்கால். 1942 நவம்பர் 11இல் ஜெர்மன் படை பிரான்சின் தென்பகுதிக்குள்ளும் நுழைந்தது. விடுதலைக்குப் பின் 1944இல் வந்த ஆணை, அந்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்கு மேல் தொடர்ந்து வெளிவந்த தென்பகுதி இதழ்களைத் தடை செய்தது. கெடு நவம்பர் 26. லெ ஃபிகாரோ ஜெர்மானியர் நுழைந்த உடனே நிறுத்திக்கொண்டதால் தப்பியது, இன்றும் இருக்கிறது. லெ தாம் நிறுத்தியது நவம்பர் 29. மூன்று நாளில் எண்பது ஆண்டுப் பத்திரிகை போயிற்று. இரும்பாலைக்காரர்களின் கையிலிருந்ததும் அதற்கு வக்காலத்து வாங்க ஆளில்லாமல் போனதற்குக் காரணம்.

பாரிசில் இத்தாலியர் தெரு 5ஆம் எண் கட்டடம், அச்சு இயந்திரங்கள், தொழிலாளர்கள், கோதிக் எழுத்துத் தலைப்பு என்று எல்லாம் புதிய இதழுக்கு வந்தன. பழக்கமில்லாதவர் இரண்டின் முதல் பக்கத்தையும் அருகருகே வைத்தால் அண்ணன் தம்பி என்பார். வெளிநாட்டில் மதிப்புள்ள ஒரு பெரிய நாளிதழ் வேண்டும் என்பது தெ கோலின் விருப்பம். ஆனால் பெவ்-மெரி "சிரியுஸ்" என்ற புனைபெயரில் அதே தெ கோலைக் கடுமையாக விமர்சித்தார். 1962இல் குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மாற்றத்துக்கான வாக்கெடுப்பில் "வேண்டாம்" பக்கம் நின்றார்.

லெ மோந்தின் முதல் இதழ் ஒரே ஒரு தாள், இரண்டு பக்கம். நிழற்படம் கிடையாது. காகிதத் தட்டுப்பாடு முற்றி, 1945 ஜனவரியில் தாளின் அளவும் பாதியாயிற்று. பிரதிகளைக் குறைப்பதைவிட அளவைக் குறைக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த மாத இதழ்களைப் படமாகப் பார்க்கும்போது பக்கம் வெட்டப்பட்டது போலத் தோன்றும். அது படப்பிழையல்ல.

அச்சுக்கோவை (பதிவு 8)

நம்பகத்தன்மைக்கு விடை பங்குப் பத்திரத்தில் இருக்கிறது. எழுத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், பத்திரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1944 டிசம்பர் 11இல் பதிவான நிறுவனம், நம்மூர் பிரைவேட் லிமிடெட் மாதிரி. மூலதனம் 2 லட்சம் பிராங்க், தலா ஆயிரம் வீதம் 200 பங்கு. பெவ்-மெரி, ரெனே கூர்த்தேன், கிறிஸ்தியான் ஃபன்க்-பிரெந்தானோ மூவரும் முதன்மைப் பங்காளிகள். பனிப்போர் வந்ததும் மூவருக்குள் பிளவு. அமெரிக்கா, சோவியத் இரண்டின் பக்கமும் சாயாத நடுநிலைக்கு பெவ்-மெரி இடம் கொடுத்தார், தத்துவ அறிஞர் எத்தியேன் ழில்சோனின் கட்டுரைகளை வெளியிட்டார். மற்ற இருவருக்கும் அது பிடிக்கவில்லை. 1951 கோடையில் பெவ்-மெரி விலகல் கடிதம் கொடுத்தார்.

செய்தியாளர்கள் எழுந்தார்கள். 1951 அக்டோபரில் எழுத்தாளர் குழுச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தார்கள், தலைவர் ழான் ஷ்வேபெல். பெவ்-மெரி திரும்பினார். சங்கத்துக்கென்று புதிதாக 80 பங்கு உருவாக்கப்பட்டது. இங்கேதான் கணக்கு அழகு. மொத்தம் 280 பங்கு. நிறுவன விதியை மாற்ற முக்கால் பங்கு ஒப்புதல் தேவை, அதாவது 210. பழைய பங்காளிகள் அத்தனை பேரும் ஒன்று சேர்ந்தாலும் 200தான். பத்து பங்கு குறைகிறது. செய்தியாளர்களைக் கேட்காமல் நிறுவனத்தின் அடிப்படையில் கை வைக்க முடியாது. 80க்குப் பதில் 60 பங்கு கொடுத்திருந்தால்? மொத்தம் 260, முக்கால் 195, பழைய 200 போதுமாகியிருக்கும். சங்கம் வெறும் மரியாதைச் சங்கமாக நின்றிருக்கும்.

அந்த நாள் வரை பிரான்சில் செய்தியாளர்கள் தம் பத்திரிகையின் தலைவிதியைத் தடுத்து நிறுத்தும் பங்கை வைத்திருந்தது கிடையாது. லெ மோந்தின் ஆகப் பெரிய தாக்கம் எது என்று கேட்டால், எந்த ஊழல் செய்தியையும்விட இந்த 80 பங்கைத்தான் சொல்வேன். பிறகு வேறு பல பத்திரிகைகளில் எழுத்தாளர் சங்கங்கள் உருவாக இதுவே முன்மாதிரி.

தாள்மடிப்பு (பதிவு 9)

செய்தியாளர் பங்கு 40 சதவீதம் என்றுதான் நான் படித்தது. நீங்கள் சொல்வது 28 சதவீதம் ஆகிறதே?

அச்சுக்கோவை (பதிவு 10)

இரண்டும் வேறு வேறு காலம். 1951இல் 280க்கு 80. 1968இல் நிறுவனத்தைத் திருத்தி அமைத்தபோது ஆயிரம் பங்காகப் பிரித்தார்கள். செய்தியாளர் சங்கத்துக்கு 400, நிறுவனர் தரப்புக்கு 400, அதிகாரிகளுக்கு 50, ஊழியர்களுக்கு 40, நிர்வாக இயக்குநர்களுக்கு 110. எழுதும்போது ஆண்டைச் சேர்த்து எழுதிவிட்டால் சிக்கல் இல்லை.

மையொற்றி (பதிவு 11)

80 பங்கு மட்டுமே போதும் என்ற வாதத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. துணிவும் வேண்டும், அந்தத் துணிவுக்கு விலையும் கொடுத்தார்கள். அல்ஜீரியப் போரின்போது சித்திரவதை பற்றி அரசு நியமித்த உரிமைக் காப்பு ஆணையத்தின் அறிக்கையை அரசே வெளியிடாமல் வைத்திருந்தது. 1957 டிசம்பரில் லெ மோந்த் அச்சிட்டது. அல்ஜியர்சில் இதழைப் பலமுறை பறிமுதல் செய்தார்கள்.

1985 செய்தியை நாள்வாரியாகப் பாருங்கள். ஜூலை 10 இரவு நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில் கிரீன்பீஸ் அமைப்பின் ரெயின்போ வாரியர் கப்பல் குண்டு வைத்து மூழ்கடிக்கப்பட்டது. நிழற்படக்காரர் ஃபெர்னாந்தோ பெரேரா இறந்தார். பிரெஞ்சு உளவாளிகள் இருவர் அங்கே பிடிபட்டார்கள். ஆகஸ்ட் 26இல் அரசு கேட்டு வாங்கிய திரிக்கோ அறிக்கை, பிரெஞ்சு உளவுத்துறை வேவு பார்த்ததே தவிரக் குண்டு வைக்கவில்லை என்றது. கையிலிருந்த தகவலின்படி பார்த்தால், பிடிபட்ட இருவரும் பாய்மரப் படகில் வந்துபோன மற்ற உளவாளிகளும் குண்டு வைத்திருக்க முடியாது, அதனால் அறிக்கை நின்றது. செப்டம்பர் 17 பிற்பகல் லெ மோந்தில் பெர்த்ரான் லெ ழாந்த்ரும் எட்வி ப்ளெனெலும் மூன்றாவது குழு ஒன்று இருந்ததை எழுதினார்கள்: ராணுவ முக்குளிப்பாளர் இருவர். அறிக்கையின் கணக்கு அங்கே உடைந்தது. செப்டம்பர் 20 பாதுகாப்பு அமைச்சர் ஷார்ல் எர்னு பதவி விலகினார். 22ஆம் தேதி பிரதமர் லொரான் ஃபபியுஸ் ஒப்புக்கொண்டார். மொத்தம் ஐந்து நாள்.

மேற்கோள் காட்டும்போது அந்த இதழின் தேதி செப்டம்பர் 18 என்பதை மறக்காதீர்கள்.

பழையபேப்பர் (பதிவு 12)

சறுக்கல்களையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒருதலையாகிவிடும்.

1952 மே மாதம் அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஃபெக்ட்லெரின் ரகசிய அறிக்கை என்று ஒன்றை முதல் பக்கத்தில் போட்டார்கள். போர் வந்தால் மேற்கு ஐரோப்பாவைக் காக்க முடியாது, மத்தியதரைக் கடலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது சாரம். அது ஃபெக்ட்லெர் எழுதியதே அல்ல. அமெரிக்கக் கடற்படை வட்டத்து இதழொன்றில் முன்பே வெளிவந்திருந்த கட்டுரையின் வரிகள் அதில் அப்படியே இருந்தன. தாங்கள் ஏற்கெனவே நம்பியதை உறுதி செய்யும் தாள் கைக்கு வந்தது, மூலத்தைச் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பினார்கள். 1975 ஏப்ரலில் கம்போடியத் தலைநகர் புனோம் பென் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படையின் கையில் விழுந்ததை நல்ல தொடக்கம் போல வரவேற்று எழுதியதும் இன்றுவரை இதழின் மேல் இருக்கும் கறை.

ஆய்வுக்குப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முதல் பக்கத்தின் இடதோரப் பத்தியில் பெயரில்லாமல் வரும் "வெளிநாட்டுக் குறிப்பு" இதழின் சொந்தக் கருத்து. தூதரகங்கள் முதலில் படித்தது அதைத்தான். வெளியார் பெயரோடு வரும் கருத்துக் கட்டுரை இதழின் கருத்தல்ல. ழில்சோன் எழுதியதை "லெ மோந்த் கூறியது" என்று போடுவது தவறு. இணையத்தில் தனித்தனிக் கட்டுரையாகப் பார்க்கும்போது பக்கத்தில் அது எங்கே இருந்தது என்று தெரியாது. முடிந்தால் நூலக மைக்ரோஃபில்மில் முழுப் பக்கத்தையும் பாருங்கள்.

நெய்தல்கரை (பதிவு 13)

இன்றும் அந்தத் தடுக்கும் பங்கு செய்தியாளர்களிடம் இருக்கிறதா?

அச்சுக்கோவை (பதிவு 14)

பழையபடி இல்லை. 1989இல் பாரிசை ஒட்டிய இவ்ரியில் பெரிய அச்சகம் கட்டினார்கள். உடனே விளம்பரம் சரிந்த ஆண்டுகள் வந்தன. மாலை இதழ் அச்சகம் நாளின் சில மணி நேரமே முழு வேகத்தில் ஓடும், மற்ற நேரத்துக்கு வெளி வேலை கிடைத்தால்தான் கட்டுபடியாகும். அதோடு வேறு இதழ்களை வாங்கிக் குழுமத்தைப் பெரிதாக்கிய செலவு. 1970களின் கடைசியில் நான்கு லட்சத்தைத் தாண்டிய விற்பனை பிறகு அங்கே நிற்கவில்லை. கடன் மூச்சை முட்டியது. 2010இல் பியேர் பெர்ழே, க்சாவியே நியெல், மத்தியு பிகாஸ் மூவரும் பெரும்பங்கை எடுத்துக்கொண்டார்கள்.

செய்தியாளர்கள் கையில் மிஞ்சியவை இரண்டு. ஒன்று, இயக்குநராகப் பங்குதாரர் முன்மொழிபவருக்குச் செய்தியாளர் வாக்கில் 60 சதவீதம் வேண்டும். இது வெறும் சடங்கல்ல: 2015 மே மாதம் ழெரோம் ஃபெனோலியோவுக்கு அது கிட்டவில்லை. மறுபடி முன்மொழிந்து இரண்டாவது வாக்கெடுப்பில்தான் வந்தார். மற்றொன்று, 2019இல் போராடிப் பெற்ற ஒப்புதல் உரிமை. இதழைக் கட்டுப்படுத்தும் அளவு பங்கை வெளியார் யாரும் வாங்க வேண்டுமானால் செய்தியாளர், ஊழியர், வாசகர் சங்கங்கள் சேர்ந்த சுதந்திரக் குழு சம்மதிக்க வேண்டும். பிகாஸ் தன் பங்கில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் செக் நாட்டுத் தொழிலதிபர் தானியல் கிரெத்தின்ஸ்கிக்கு விற்றதும் எழுந்த சண்டையில் கிடைத்தது இது.

1951இல் பத்து பங்கு குறைவு காத்த இடத்தை இன்று இந்த இரண்டு ஒப்பந்தப் பிரிவுகள் காக்கின்றன. பங்கு நிலையானது, ஒப்பந்தம் திருத்தக்கூடியது. எனக்குப் பழையதில்தான் நம்பிக்கை அதிகம்.

மையொற்றி (பதிவு 15)

இன்று சந்தாதாரர் ஐந்து லட்சத்துக்கு மேல், பெரும்பகுதி இணைய வாசகர்கள். வருமானத்தில் விளம்பரத்தைவிட வாசகர் பணம் முந்தியிருக்கிறது. அதையும் காவல் கணக்கில் சேருங்கள். சந்தா கட்டுபவர் கோபப்பட்டால் முதலாளிக்கும் வலிக்கும்.

நெய்தல்கரை (பதிவு 16)

எல்லாருக்கும் நன்றி. நவம்பர் 2, 3 இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். கீழூர் வாக்கெடுப்புக்கும் இதே கணக்குத்தானே?

அச்சுக்கோவை (பதிவு 17)

அதே கணக்கு. உங்களுக்குத் தேவைப்படும் நாள்களைப் போட்டுத் தருகிறேன்.

கீழூர் வாக்கெடுப்பு, மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைப்புக்கு வாக்களித்தது: 1954 அக்டோபர் 18 திங்கள். இதழ்த் தேதி 19 அல்லது 20. முடிவு பிற்பகலில் வந்திருந்தால் 20ஐ முதலில் பாருங்கள்.

இரு அரசுகளின் ஒப்பந்தம்: அக்டோபர் 21 வியாழன். இதழ்த் தேதி 22 அல்லது 23.

கைமாற்றம்: நவம்பர் 1 திங்கள். இதழ்த் தேதி 2 அல்லது 3.

சட்டப்படியான இணைப்பு: 1962 ஆகஸ்ட் 16 வியாழன். இதழ்த் தேதி 17 அல்லது 18. 18 சனிக்கிழமை. அதற்கு அடுத்தது "19-20" என்று இரட்டைத் தேதியில் இருக்கும்.

அடிக்குறிப்பில் "1954 நவம்பர் 2 தேதியிட்ட இதழ்" என்றே எழுதுங்கள். "நவம்பர் 2 அன்று வெளியான" என்று எழுதினால் பாரிஸ் வாசகர் கணக்கில் ஒரு நாள் பிசகிவிடும்.

1942க்கு முந்திய பிரெஞ்சு இந்தியச் செய்தி வேண்டுமானால் லெ தாம் இதழ்கள் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் இலவசமாக, முழுப் பக்கப் படமாகக் கிடைக்கின்றன. அதுவும் மாலை இதழ்தான். அங்கேயும் ஒரு நாள் கழித்தே தேடத் தொடங்குங்கள்.